ஒரே நாளில் இரண்டு பரீட்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க உள்ளூர்ப் பாடத்திட்டம், வெளிநாட்டுப் பாடத்திட்டம் என இரண்டு பள்ளியிறுதித் தேர்வுகளுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் அல்லவா? போன செவ்வாய் இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன. காலையில் ஒன்றில் கணக்கு, மதியம் மற்றதில் வேதியியல். வேதியியலை மற்றவர்கள் காலையிலேயே எழுதிவிட்டதால், நடுவில் யாரோடும் பேசிவிடாதபடி என்னைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். காவலுக்கு இருந்த ஆசிரியை, "சாப்டியாம்மா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரீட்சை கஷ்டமா?"

"இல்ல டீச்சர். எங்கப்பாவும் இப்படித்தான் கேப்பாரு."

அவர் தன் சாப்பாட்டில் பாதியைத் தந்தார். மதியத் தேர்வை நன்றாகவே எழுதினேன், கவலை வேண்டாம்.

நீங்கள் பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படித்த வருடம் நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் நீங்கள் என்னிடம் ஒப்பிப்பீர்கள், நான் உங்களிடம் ஒப்பிப்பேன். தப்புச் சொன்னால் அம்மா இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள். இங்கே தப்புச் சொன்னாலும் கேட்க ஆளில்லை.

ஒரு சின்ன உதவி. இன்னொரு தேர்வின் வேதியியல் இன்னும் பாக்கி இருக்கிறது. தனிம அட்டவணையை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அச்சடித்தது இங்கேயே கிடைக்கும். இருந்தாலும் எழுதி அனுப்புங்கள்.

நூலகத்தைப் பூட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்