ஒரு கேமராவுக்கு எத்தனை பேட்டரி

1993 அக்டோபர் 4, ஒசாகா
அடுத்த வருஷம் வீடியோ கேமராவுக்கு எங்கள் கம்பெனியின் சார்ஜ் பேட்டரி எத்தனை விற்கும்? பதினைந்தாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். அதை வைத்துத்தான் பேட்டரி செய்யப் புது இயந்திரம் வாங்குவார்களாம்.

"ஒரு கேமராவுக்கு ஒரு பேட்டரி. இதுல யோசிக்க என்ன இருக்கு, இசோபே?" என்கிறார் மேலாளர் குவாஹாரா. பத்து லட்சம் கேமரா, பத்து லட்சம் பேட்டரி. இதற்கா எனக்கு ஏழு வருஷச் சம்பளம்?

அக்டோபர் 7
ஒன்றும் ஓடவில்லை. மதியம் சாப்பிட்ட உதோன் நூடுல்ஸ் மட்டும் பிரமாதம்.

அக்டோபர் 10
அக்கா மகள் மிஹோவின் பள்ளியில் விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்தில் அவள் முன்னால் வரும் நேரம் பார்த்து அத்தானின் கேமரா செத்தது. அக்கா போட்ட சத்தம் மைதானத்துக்கே கேட்டிருக்கும்! பக்கத்திலிருந்தவர் இடுப்புப் பையைத் திறந்தார். உள்ளே மூன்று பேட்டரி. ஒன்றைக் கடன் தந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. கேமரா வைத்திருந்த முப்பத்தொரு அப்பாக்களையும் எத்தனை பேட்டரி என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, வரி ஆபீஸா நீங்க?" என்றார் ஒருவர்.

அவர் மனைவி சிரித்தார். "ரெண்டுன்னு சொல்லுவார், நம்பாதீங்க. மூணாவதை எனக்குத் தெரியாம வாங்கினார்."

சராசரி மூன்று!

அக்டோபர் 15
கூட்டம். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் இயக்குநர் கேட்டார்: "தப்பாப் போனா இயந்திரத்தை என்ன பண்றது?"

மூன்று என்று சொல்ல வாய் திறந்தேன். "ரெண்டு" என்று வந்தது. ஏன்டி இப்படிப் பயந்த? எண்ணினது நீதானே?

இருபது லட்சத்துக்கு ஒப்புதல். குவாஹாரா சார் அதற்கே தலையில் அடித்துக்கொண்டார்.

1994 ஏப்ரல் 3
அத்தானோடு நிப்பொன்பாஷி மின்சாதனக் கடைத்தெரு. நாலு கடை ஏறினோம். பேட்டரி இல்லை.

"பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், எல்லாரும் பிள்ளைங்களைப் படம் பிடிப்பாங்க. ரெண்டு வாரமா பேட்டரி ஒண்ணுகூட வரல," என்றார் கடைக்காரர். "எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறிகளைப் பார்த்தேன்.

ஏப்ரல் 5
குவாஹாரா சாரே என் மேசைக்கு வந்தார். "இந்தத் தடவை ஒரு கேமராவுக்கு எத்தனைம்மா?"

"மூணு சார்."

"பயமா இல்லையா?"

"கடைத்தெருவுல திட்டு வாங்கியாச்சு சார்."

ஒப்புதல் தாளில் முத்திரை குத்தினார்.