எனக்கென்று ஒரு வக்கீல்

மார்ச் 4

தங்கைக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கொழுந்தனை போலீஸ் வந்து அழைத்துப்போனது. கை கழுவக்கூட விடவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. உன் அத்தான் என்னிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார்; "உங்கம்மாவ சட்டைய இஸ்திரி போடச் சொல்லு" என்று பெரியவளிடம் சொல்லியனுப்புகிறார். மாமியார் என் காதில் விழும்படியே சொல்கிறார்: "ஊசி எடம் குடுக்காம நூல் நுழையுமா?" நான் என்னத்தைச் சொல்ல?

பிரசவத்துக்கு உதவ வந்தவள் நீ. இரண்டு வாரம் இங்கே தின்றுவிட்டு, உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்துவிட்டாய். அரசு வக்கீலைப் பார்த்துச் சமாதானம் பேசலாம் என்று இருந்தோம். அதற்குள் தனியாக ஒரு வக்கீலம்மாவை வைத்திருக்கிறாயாமே! யார் கொடுக்கிற தைரியம் இது? புகாரை வாபஸ் வாங்கு. அதுவரை எனக்குத் தங்கை கிடையாது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

'என்னடி நடந்தது' என்று ஒரு வரியாவது கேட்டிருப்பாய் என்று உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். அவன் பின்னால் வந்து கதவைச் சாத்தினான். மீதி என் வாக்குமூலத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்குமே, வாங்கிப் படி.

வக்கீலம்மாவை நான் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு நேர்ந்தது யாருக்கு நேர்ந்தாலும் முதல் நாளிலிருந்தே தனி வக்கீல் உண்டு என்று புதுச் சட்டம் சொல்கிறது. ஸ்டேஷனில் அதை யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பீரோ மறைத்திருந்தது. தனியாக உட்கார்ந்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அரசு வக்கீலிடம் போனால், "நான் அரசாங்கத்துக்கு வக்கீல்மா, உனக்கு இல்ல" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் இந்த அம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. என் போன், ஆஸ்பத்திரிக் குறிப்பு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்ததாம். அதை ரத்து செய்ய வைத்தார்.

போன வாரம், மனநல ஆலோசகரிடம் நான் அழுது சொன்னதையெல்லாம் கோர்ட்டில் படிக்க வேண்டும் என்று உங்கள் வக்கீல் கேட்டார். இந்த அம்மா எழுந்தார்.

"நீங்க யார் தரப்பு?" என்றார் நீதிபதி.

"பொண்ணு தரப்புங்க."

"அப்படி ஒரு தரப்பு இருக்கா?"

"புதுச் சட்டம் வந்த மூணு மாசமா இருக்குங்க."

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். குறிப்புகளைத் தர வேண்டியதில்லை என்று உத்தரவானது. புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்.

தங்கை


ஜூன் 2

தங்கைக்கு,

சட்டம் உனக்குச் சோறு போடும்போல. எங்கள் வக்கீல் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் நீ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய் என்று சொல்லப்போகிறேன். ஆமாம், சொல்வேன். சொல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவேன்? போய் விழ நமக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா? நீ ஒண்டிக்கட்டை, வீராப்பாக நிற்கலாம். உன் வக்கீலம்மா வந்து என் வீட்டு அடுப்பை எரிய வைப்பாளா? நீ கெட்டது போதும், என் குடியையும் கெடுக்காதே.

அக்கா


ஜூலை 9

தங்கச்சி,

கோர்ட்டிலிருந்து திரும்பியபோது என் பெட்டி வாசலில் கிடந்தது. பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டார்கள். சின்னவனுக்கு ஐந்து மாதம்தான். பால் கட்டி நெஞ்சு தெறிக்கிறது. தெருமுனைத் தையற்காரம்மா வீட்டில் ஒண்டியிருக்கிறேன். உன் அறைக்கு வரட்டுமாடி? எனக்கு உன்னை விட்டால் யார்?

உன் அக்கா


ஜூலை 12

அக்கா,

"சிரிச்சிட்டுத்தான் இருந்தா" என்று கூண்டில் நின்று நீ சொன்னதும், வக்கீலம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அரசு வக்கீலிடம் நீட்டினார். அவர் அதை அப்படியே கேட்டார்: "சிரிச்சிட்டிருந்த தங்கச்சிய அன்னிக்குச் சாயங்காலமே எதுக்கு அவசரமா பஸ் ஏத்துனீங்க?"

நீ தண்ணீர் கேட்டாய். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாய். பிறகு சொன்னாய்: "அவன் இருக்கிற வீட்டுல அவள இன்னும் ஒரு ராத்திரி வெச்சிருக்க பயமா இருந்துச்சு."

உன்னைத் தைரியசாலி என்கிறார்கள். அந்த ஒரு வரியால் வழக்கு எங்கள் பக்கம் திரும்பியது என்கிறார் அரசு வக்கீல். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே நான் அழுது சொன்னது, இரைச்சலில் உனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை மாதம் நம்பியிருந்தேன். நான் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போய், இரண்டகம் என்று எனக்கு எழுதினாய்.

என் அறைக்கு வராதே. உன்னை உள்ளே விட என்னால் முடியாது. நாளைக்கு முடியுமா என்றும் தெரியவில்லை.

ஆனால் பால்குடிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவைக்க எவனுக்கும் உரிமை இல்லை என்கிறார் வக்கீலம்மா. அவர் என் வக்கீல், உனக்காக வர முடியாது. அவருக்குத் தெரிந்த இன்னொருவரின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் விஷயத்தை அவரிடம் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உனக்காகக் காத்திருப்பார்.

நான் அங்கே இருக்க மாட்டேன்.