சலவைக்கடையின் ‘ச’

மார்ச் 3

அன்புள்ள நிறமந்திரிக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாயே, அதனால் எழுதுகிறேன். மற்றபடி இது வேலை விஷயம்தான்.

நம் ஸ்டூடியோவுக்கு ஒரு சலவைக்கடைக்காரர் வந்திருக்கிறார். ஒற்றை எழுத்தில் லோகோ வேண்டுமாம். ‘ச’, அவ்வளவுதான். ஒரே எழுத்துதானே என்று ஒப்புக்கொண்டேன். மனுஷன் உயிரை வாங்குகிறார். மெல்லிய எழுத்துருவில் காட்டினேன். “இதைப் பார்த்தா எங்க கடையில போட்ட துணி நைஞ்சு போயிடும்னு நினைப்பாங்க” என்றார். தடித்ததில் காட்டினேன். “பிழியாத போர்வை மாதிரி இருக்கே” என்றார். கடைசியில் வளைவெல்லாம் உருண்டையாக, முனை மழுங்கலாக நானே ஒன்று வரைந்தேன். பிடித்துவிட்டது. இனி நிறம்தான் பாக்கி. என்ன நிறம் என்று ஒரு வரி எழுது.

சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
உன் எழுத்துக்காரன்

மார்ச் 8

அன்புள்ளவருக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா படித்துவிட்டு, “பொண்டாட்டிக்கு எழுதின மாதிரியா இருக்கு? கொட்டேஷன் கேட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

நிறமா? “கலர்தானே, அதை யார் வேணும்னாலும் போடலாம்” என்று லோகோ கேட்டு வந்த அந்த ஹோட்டல்காரர் முன்னால் என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்களே, அந்த யாரையாவது கேளுங்கள். இல்லாவிட்டால் வாசல் பலகையில் தனிக்காட்டு ராஜாவாக நிற்கிறதே உங்கள் பெயரின் முதல் எழுத்து, அதைக் கேளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அதன் கீழே உட்கார்ந்துதான் நானும் வேலை பார்த்தேன்.

இங்கே ஒரு பெயின்ட் கம்பெனியில் எனக்கு வேலை தருகிறார்கள். புது நிறங்களைக் கலந்து, பெயர் வைக்கும் வேலை. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் இனி இந்த ஊர்தான்.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். மேல் அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
கலர் போட்டவள்

மார்ச் 14

அன்புள்ள நிறமந்திரிக்கு,

நீ சொல்லாததால் நானே போட்டேன். மானம் போயிற்று.

சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் என் கண்ணுக்கு ஒன்றுதான் என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீ பெயின்ட் டப்பாக்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருந்ததால் என் பிழைப்பு ஓடியது. அவற்றைக் கொண்டுபோய் நான் குழாய்த் தொட்டியின் கீழே வைத்தேன். ஒழுகிய தண்ணீரில் சீட்டெல்லாம் உரிந்துவிட்டது. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து, இளம்பச்சை என்று நினைத்து ‘ச’வுக்குப் பூசினேன். சலவைக்கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். “சார், இது துவைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார். சேற்று நிறமாம்.

மனைவி ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். “அப்போ அவங்கதான் ஆர்ட்டிஸ்டா? நீங்க யாரு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெயின்ட் கம்பெனி வேலை நல்லதுதான். உன் திறமைக்கு ஏற்றது. சேர்ந்துகொள்.

இப்படிக்கு,
உன் எழுத்துக்காரன்

மார்ச் 18

அன்புள்ளவருக்கு,

பின்னணி நீலம், எழுத்து வெள்ளை. இந்த இரண்டும் உங்கள் கண்ணை ஏமாற்றாது.

“சேர்ந்துகொள்” என்று எழுத எப்படி மனசு வந்தது? அக்கா கடிதத்தைத் தூக்கி எறிந்தாள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். குழாய்க்கும் டப்பாவுக்கும் வரி வரியாக எழுதுகிறீர்கள். எனக்கென்று ஒரு வரி எழுதினால் கை வலிக்குமா?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருப்பவள்

மார்ச் 23

என் அன்பே,

சலவைக்கடைக்காரருக்கு நீலம் பிடித்துவிட்டது. “யார் செலக்‌ஷன்?” என்றார். என் மனைவி என்றேன். “அதானே பார்த்தேன்” என்றார்.

வாஷர் மாற்றிவிட்டேன். வாசல் பலகையையும் கழற்றிவிட்டேன். புதுப் பலகையில் உன் எழுத்து முதலிலும் என் எழுத்து அடுத்ததாகவும் பென்சிலில் வரைந்திருக்கிறேன். நிறம் போட நான் யார்?

நீ கேட்ட வரி தனித்தாளில் இருக்கிறது. அதுவும் ஒற்றை எழுத்துதான். மெல்லிய எழுத்துருவில் போட்டேன், கெஞ்சுவது போல் இருந்தது. தடித்ததில் போட்டேன், அதட்டுவது போல் இருந்தது. அதனால் சும்மா கையாலேயே எழுதிவிட்டேன், நல்ல சிவப்பில்.

வா

இப்படிக்கு,
உன்னுடையவன்

மார்ச் 27

அன்புள்ளவருக்கு,

தாள் கிடைத்தது. அக்கா வாங்கிப் பார்த்து, “இது என்ன, வாடிப்போன கீரை நிறத்துல?” என்றாள். சிவப்பு என்று நினைத்து எழுதியிருக்கிறார் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெயின்ட் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருகிறேன். அதுவரை எந்த டப்பாவையும் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிறமந்திரி