டப்பாக்களைக் கொடுக்க மாட்டேன்

திருத்தங்கல்,
14-11-1957

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மாரித்தாய் எழுதுவது. நானும் பிள்ளை வேலுத்தாயும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக எழுதுவீர்கள் என்று தபால்காரரை எதிர்பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் போட்ட கடிதத்தைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்கள். விலா எலும்பை எடுத்தால் காசம் பிடித்த நுரையீரல் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியும், வெட்டுப்பட்டுச் சாவதைவிட இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறீர்கள். போதாததற்கு, பைப்புப் புகையிலை டப்பா பதினேழையும் அண்ணனிடம் கொடுத்துவிடு, எனக்கு இனிமேல் எதற்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மாட்டேன் மாமா.

உங்கள் அண்ணனுக்கும் எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. நேற்றுக் காலையில் ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "ஏ தாயி, அந்த டப்பாவெல்லாம் எடுத்து வையி. எங்க கம்பெனி மேனேஜரு பைப்பு குடிக்கிறவரு, குடுத்தா சந்தோசப்படுவாரு" என்றார். "அவுக வந்து அவுக கையால குடுக்கட்டும். அதுவரைக்கும் ஒரு டப்பாவும் இந்த வாசலைத் தாண்டாது" என்றேன். "அவன் எங்கன வந்து..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். செத்தவர் சாமான்களைத்தான் இப்படிச் சாக்குக் கொண்டுவந்து அள்ளுவார்கள். வெறும் சாக்கோடு அனுப்பிவிட்டேன். மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை, காப்பித் தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அடுத்த வீட்டு மாடத்தி மதினிக்கும் இதே பேச்சுதான். "பட்டாசு ஊருல இம்புட்டுப் பொகையிலைய வீட்டுக்குள்ள வச்சிருக்கியே, தீப்பிடிச்சா நாங்களும்ல சாகணும்" என்றார். "எங்க வீட்டுப் பொகையிலை தானாப் பத்தாது மதினி. ஒங்க கட்டிலுக்கடியில ரெண்டு கட்டு வெடித்திரி கெடக்கே, அதை மொதல்ல கம்பெனிக்கு அனுப்புங்க" என்றேன். ஒரு வாரமாகப் பேச்சில்லை. நீங்கள் ஒரு நாளும் வீட்டில் பைப்பைப் பற்றவைத்ததில்லை என்று தெருவுக்கே தெரியும். ஊரே தீக்குச்சி செய்கிறது, நீங்கள் ஒரு குச்சியைக் கிழிக்கக் கண்மாய்க்கரை வரைக்கும் நடந்து போவீர்கள்.

ஒரு தப்பை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. நம் ஊரில் ஓதம் என்றால் குச்சி பற்றாது, வெடி வெடிக்காது, எதையும் வெயிலில் போட்டுத்தானே காப்பாற்றுவோம்? அதே நினைப்பில், பட்டாளத்தில் இத்தாலிக்குப் போனபோது வாங்கி வந்தீர்களே, அந்தப் பச்சை டப்பாவைத் திறந்து, முறத்தில் பரப்பி உச்சி வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் சருகாகிவிட்டது. வாசனையும் போய்விட்டது. அழுதேன். புகையிலை பதமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எப்போதோ சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது சொல்கிறேன் கேளுங்கள். சீல் உடைக்காத பத்தும் உங்கள் பட்டாளத்துப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்கு அடியில் நாலு செங்கல் வைத்து, அடுப்பு வெக்கை படாத உள்ளறை மூலையில் வைத்திருக்கிறேன். உடைத்த ஏழையும் இறுக்க மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்களில் மாற்றினேன். ஊறுகாய் வைத்த பாட்டிலைத் தொடவில்லை, எல்லாம் புதுசு. புகையிலை காய்ந்துபோகாமலிருக்க, உடைந்த மண்சட்டிச் சில்லைத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பாட்டிலுக்கு ஒன்று போட்டேன். முதல் தடவை ஈரம் கூடி ஒரு பாட்டிலில் பூசணம் பிடித்துவிட்டது, அதைக் கொட்டிவிட்டேன். இப்போது பதம் பிடிபட்டுவிட்டது. அந்தச் சருகுகூடக் கொஞ்சம் இளகிவிட்டது.

மறுபடியும் குடிக்கவா வைத்திருக்கிறேன்? இனித் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் வீட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் குப்பைக்குழியில் கொட்டுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் மிச்சத்தைக் கொட்டுகிற கை உங்கள் கையாக இருக்க வேண்டும்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். எலும்பை வெட்டுவார்கள் என்று படித்ததிலிருந்து ஒட்டின தீப்பெட்டியையே எடுத்து மறுபடி பசை தடவுகிறேன். ஆனாலும் பயந்துகொண்டு உங்களை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம்தான் ஆகிறது, எனக்கு அது பற்றாது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வருவதற்குள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருங்கள். போடவில்லை என்றால் அன்றைக்கு நான் பேசுகிற பேச்சு உங்கள் வார்டு முழுவதும் கேட்கும். போட்டிருந்தீர்கள் என்றால் ஒன்றும் பேசாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பத்திரகாளி உங்களை எனக்குத் தரட்டும். நீங்களும் தர வேண்டும் மாமா.

இந்த ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்காத,
மாரித்தாய்