சாக்கின் மேலே கிடந்த கொழுந்து

நோர்வூட்
பெப்ரவரி 18, செவ்வாய்

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நோர்வேயில் குளிர் குறைந்ததா? நான் அனுப்பிய கம்பளித் தொப்பியைப் போடுகிறீர்களா, இல்லை அழகு கெட்டுவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களா?

போன ஞாயிறு நீங்கள் பேசியதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏரியில் மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை வீசுவீர்களாம். அதில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்த்தே ஏரியின் மொத்த மீனையும் மதிப்பிடுவீர்களாம். அதே முறையில் காட்டுச் சிறுத்தைகளையும், ஆஸ்பத்திரிக்கே வராத நோயாளிகளையும் மதிப்பிடலாம் என்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மகள் தனுஜா நம் கோழிகள் இரண்டுக்குச் சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கிறாள். கடைசியில், வீட்டில் எல்லாம் நன்றாக இருப்பதால் இன்னும் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு மார்ச் முடிவில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

அத்தான், நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், நாங்கள் பறித்ததை நிறுக்கும் மடுவத்துக்கு வந்து கொழுந்தின் தரம் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சாக்குக்கு ஒரு கைப்பிடி எடுத்து, நூறில் எத்தனை நல்ல கொழுந்து என்று எண்ணுவீர்கள். நாங்கள் முத்தல் இலையை அடியில் அமுக்கிவிட்டு இளங்கொழுந்தை மேலே பரப்பி வைப்போம். ஒரு மாதம் உங்கள் கணக்கில் எங்கள் மலைக்குத்தான் முதலிடம். பிறகு தோட்டத் துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுக்கப் பழகினீர்கள். அந்தப் பிடிவாதத்தில்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உங்களுக்குக் காட்டுவதும் மேலே பரப்பிய கொழுந்துதான். நான்கு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். மூன்று மணிக்கே மாமாவைக் குளிக்கவைத்து, முகம் மழித்து, இடது பக்கம் மட்டும் தெரியும்படி சன்னலோரம் உட்காரவைக்கிறேன். கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் குழறுகிறது. காது மந்தம், அதனால் அதிகம் பேசுவதில்லை என்று நான் உங்களிடம் சொன்னது பொய். "எம் மகன் படிச்சு முடிக்கட்டும். ஒன்னும் சொல்லிடாத தாயி" என்று சத்தியம் வாங்கிவிட்டார். வீட்டில் அவர் காதில் விழாமல் எதையும் பேச முடியாது. அதனால் மருந்து வாங்க வந்த இடத்தில், தபாலகத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் வந்து சேர மூன்று வாரமாகும் என்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்களை ஒரு தடவை தொட்டால் போதும் என்றிருக்கிறது. போனில் இதைச் சொல்ல வெட்கம்.

படிப்பை விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஞாயிறு அல்லாத ஏதாவது ஒரு நாள், எங்களுக்குச் சொல்லாமல் கூப்பிடுங்கள். முகம் மழிக்காத உங்கள் அப்பாவைப் பாருங்கள். என்னையும் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். நான் வழக்கம்போல ஞாயிறு நான்கு மணிக்குச் சிரிப்பேன்.

முருகன் உங்களை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

உங்கள்
வினோதா