நான் தளர்த்திவிட்டுத்தான் வந்தேன்

என் பிரியமான மாமாவுக்கு,

பழக்கத்தில் கை அப்படித்தான் எழுதியது. கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மரம் அறுக்கும் மிஷினைக் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டேன். இனி தை பிறக்கும்வரை அதற்கு வேலை இல்லை. சக்கர மூடிக்குள் அடைந்திருந்த தூளை வழித்தெடுத்தேன். பிசினை டீசல் துணியால் துடைத்தேன். டேங்கிலிருந்த பெட்ரோலை இறக்கி, மிச்சம் தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்துத் தூக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டியாயிற்று. நீங்கள் இருந்தபோதும் இதெல்லாம் என் வேலைதானே. டிராக்டரில் மாட்டி இழுத்துப்போய்க் கொல்லை கொல்லையாக மரம் அறுப்பது நீங்கள், திரும்பி வந்ததும் துடைத்து வைப்பது நான்.

கடைசியாகக் கைப்பிடியைத் திருப்பி, சக்கரங்களுக்கு நடுவே நாடாபோல் இறுகியிருக்கும் பிளேடைத் தளர்த்தினேன். கதவைச் சாத்தினேன். மறுபடி போய்ப் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் இதுதான் முதல் முறை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த நாளை நீங்கள் மறந்திருக்க முடியாது. புயலில் சாய்ந்த புளியமரம், மயிலம் பக்கத்தில் ஒரு கொல்லை. லாரி ஓட்டும் வேலையிலிருந்து லீவில் வந்த என் தம்பி ஏழுமலை, உங்களுக்கு ஆள் இல்லையென்று தன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக அங்கே வந்தான். பத்து மணிக்குப் பிளேடு அறுந்தது. தெறித்த துண்டு அவன் வலது கண்ணில் ஏறியது.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அப்பா உங்களிடம் கேட்டார். "எப்டி மாப்ள ஆச்சு?"

"நேத்து பிளேடை லூஸ் பண்ணாம டைட்டாவே வெச்சி மூடிட்டா. இழுத்துக்கினே கெடந்தா வெடிக்காம இன்னா பண்ணும்?"

"நான் லூஸ் பண்ணேனே மாமா," என்றேன்.

"பண்ணதா நெனச்சிருப்ப மல்லிகா. மறதிதான். வுடு."

எவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள்! எனக்காகப் பரிந்து பேசுவது போல. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அந்த 'வுடு'தான் என்னை நம்பவைத்தது.

ஏழுமலைக்கு ஒரு கண் போனது, லாரி போனது. இப்போது கண்டாச்சிபுரத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டை மூட்டை எடை போடுகிறான். அப்பா செத்தபோது தம்பி பெண்டாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "எங்க வூட்டுக்காரரு கண்ணப் புடுங்கினவ உள்ள வரக்கூடாது" என்றாள். முகம் பார்க்காமல் திரும்பினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டுகூட வந்தீர்கள்.

அதற்குப் பிறகு பிளேடைத் தளர்த்திவிட்டு வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு தடவை, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை, விளக்கேற்றுமுன் ஒரு தடவை என்று கொட்டகைக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என்ன நினைத்துக்கொண்டு பார்த்தீர்கள் மாமா?

போன மாதம் மிஷினைச் சர்வீஸ் பண்ணக் கூட்டேரிப்பட்டு சலீம் பாய் வந்தார். உங்கள் மெக்கானிக்தான். பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பல்லுக்கு அடியில் மயிரிழை போலிருந்த கோட்டைக் காட்டினார்.

"வெடிப்பு வுட்டுருக்கு தங்கச்சி, தூக்கிப் போடு. அன்னைக்கு உன் வூட்டுக்காரரு தனபாலும் நான் சொன்னதைக் கேட்டிருந்தா உன் தம்பி கண்ணு போயிருக்குமா?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாதா? காலையில கொல்லைக்குப் போற வழியில என் கடையாண்ட நிறுத்தினாரு. நான்தான் மூடியத் தெறந்தேன். நீ லூஸ் பண்ணித்தான் வெச்சிருந்த. ஆனா பிளேடு பழசு, ரெண்டு எடத்துல வெடிப்பு. மாட்டாதன்னு சொன்னேன். 'கொல்லைக்காரரு பேஜாரு பண்றாரு பாய், இந்த ஒரு மரத்தை ஜல்தியா முடிச்சிட்டுப் புதுசு மாட்டிக்கிறேன்'னாரு. பொறவு கேட்டதுக்கு, வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னாரே!"

கையில் இருந்த டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மார்வலி வந்து நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அழுத அழுகையைவிட அன்றைக்கு அதிகம் அழுதேன். உங்களுக்காக அல்ல.

அவசரத்தில் பழைய பிளேடை ஓட்டியதை நான் மன்னித்துவிடுவேன். யாருக்கும் நேரும். ஆனால் சாகும்வரை ஆறு வருஷம் இருந்ததே. ஒரு நாள், ஒரு வார்த்தை வாயில் வரவில்லையா? என் அப்பா சாகக் கிடந்தபோதாவது?

அடுத்த நாளே கண்டாச்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மண்டி வாசலில் ஏழுமலை மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தான்.

"மாமா சொன்னாருன்னு நம்பிட்டேங்கா," என்றான். "எங்க அக்கா அப்டி வுட்டிருக்காதேன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலையே."

அழுதோம். வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் பெண்டாட்டி அறையை விட்டு வெளியே வரவில்லை. அவனே கேப்பைக் களியும் கீரையும் போட்டான். நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது, "தண்ணி குடுத்தீங்களா அவங்களுக்கு?" என்று. இப்போதைக்கு அது போதும்.

மிஷினை விற்கமாட்டேன். இந்த வருஷம் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினேன்; தை மாதம் நானே ஓட்டப்போகிறேன், புதுப் பிளேடில். சலீம் பாய் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் முதல் வருஷத் திதி வருகிறது. உங்கள் அம்மா, அண்ணன்மார்கள், அன்று வராந்தாவில் நின்ற என் சொந்தக்காரர்கள், எல்லோரையும் அழைத்திருக்கிறேன். ஏழுமலையும் வருவான். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைப்பேன், ஒன்றும் குறைவைக்க மாட்டேன். ஆனால் படைக்கிறதுக்கு முன்னால் எழுந்து நின்று, நீங்கள் சொல்லாமல் போனதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் உங்களுக்கு இலை போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஏழுமலையின் அக்கா,
மல்லிகா