ரேயை இரண்டு தரம் விமான நிலையத்தில் விட்டது

ஏப்ரல் 19, 2004. திங்கள்

இரவு முழுக்க மழை. விடியும்போது நின்று மூடுபனி இறங்கியது. வண்டிக்கு: முன் டயருக்குக் காற்று, கண்ணாடி துடைக்கும் ரப்பர் மாற்ற. பின் இருக்கைக்கடியில் யாரோ விட்ட ஒற்றைக் காலுறை. பெரிது. என் இரண்டு காலும் அதற்குள் போகும்.

எங்கள் பஸ் கம்பெனிக்கு இந்த வசந்தத்தில் புது ஒப்பந்தம். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று ஜெர்மனிக்கு வந்து டோர்ட்மண்டுக்கு வெளியே ஹோட்டலில் தங்கியிருக்கிறது. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. அணிக்குப் பெரிய பஸ். எனக்குச் சின்ன வெள்ளை வண்டி. டாக்டர், எக்ஸ்ரே, விமான நிலையம்.

டெனிஸ் நேற்றே சொல்லிவிட்டான்: "விடியக்காலை. ஒரு ஆள்." டெனிஸ் அணி அலுவலகத்து அமெரிக்கன். இன்றைய ஆள் இளம் பொடியன். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் "சாரி" என்றான். எதற்கு என்னிடம்?

திரும்பிவந்து கோப்பி எடுக்க ஹோட்டல் சாப்பாட்டறைக்குள் போனேன். நாற்பது ஐம்பது பேர் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கரண்டிச் சத்தம்கூட நின்றது. ஒருவன் மேசையின் அடிப்பக்கத்து மரத்தைத் தொட்டான், கண்ணூறு கழிக்கிற மாதிரி. நான் கோப்பி எடுக்காமல் வெளியே வந்தேன். வந்த பிறகுதான் சத்தம் திரும்பத் தொடங்கியது.

மகளுக்குப் பல் டாக்டரிடம் நாள் வியாழன். மறக்கக்கூடாது.

ஏப்ரல் 21, புதன்

வெயில். குளிர் காற்று.

ரே என்பவரை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போனேன். முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அணியில் மற்றவர்கள் எல்லாம் பொடியன்கள், இவரைத் 'தாத்தா' என்கிறார்கள். மற்றவர்கள் பின்னால் ஏறுவார்கள். இவர் என் பக்கத்தில் ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீதானா டர்க்?" என்றார்.

"நான் துருக்கி இல்லை. இலங்கை."

சிரித்தார். பிறகு விளக்கினார். அமெரிக்காவில் அணியிலிருந்து ஒருவனை நீக்கும்போது அறைக்கதவைத் தட்டிக் கூட்டிப்போகிற ஆளுக்கு அதுதான் பட்டப்பெயராம். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் டர்க்தான். "பொடியன்கள் உன் வண்டியைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகி நிற்கிறார்கள். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு இவ்வளவு நாளும் டெனிஸ் சொல்கிற விலாசம் மட்டும்தான் தெரியும்.

உங்களையுமா நீக்குவார்கள் என்று கேட்டேன். என் ஆங்கிலம் அவ்வளவுதான், சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாது. அவர் கோபிக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கிளப் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு மேல்வரம்பு இருக்கிறது. அதே நேரம், அதிக வருடம் விளையாடியவனுக்கு அதிகக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கவேண்டும். பழைய ஆட்களுக்கு உதவி என்றுதான் அந்த விதி வந்ததாம். "இந்த வண்டி மாதிரி. இருக்கை இவ்வளவுதான். நான் தனியாக இரண்டு இருக்கை பிடிக்கிறேன். நான் இறங்கினால் இரண்டு பொடியன் ஏறலாம். நான் எப்படி விளையாடினேன் என்று யாரும் பார்க்கத் தேவையில்லை."

அவருடைய அமெரிக்கக் கிளப்தான் அவரை இங்கே அனுப்பியிருக்கிறது. இந்த வாரக்கடைசியில் அங்கே புது ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். தன் இடத்துக்கு யாரையும் எடுக்காவிட்டால் தப்பினேன் என்றார்.

டாக்டரின் வாசலில் இறங்கி, கதவைச் சாத்தி, திரும்பிவந்து கேட்டார்: "நாங்கள் எங்கே வந்திருக்கிறோம்?" பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் நின்றார்.

ஏப்ரல் 24, சனி

ஹம் நகரில் என் மனைவி சாந்தியின் தங்கை வீடு. டர்க் கதையைச் சொல்ல எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். சகலன்: "அப்ப நீங்கள் எருமையை எங்கை கட்டிப்போட்டு வந்தனீங்கள் அண்ணை?" நானும் சிரித்தேன். சாந்தி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்: "அந்த வேலையை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ."

கம்பெனிக்கு வேறு ஒப்பந்தம் இல்லை. சொல்ல ஏலாது.

ஏப்ரல் 27, செவ்வாய்

மூடுபனி. நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு வெளிச்சம் மட்டும்.

ரேதான்.

அங்கே அவருடைய இடத்துக்கு ஒரு பொடியனை எடுத்துவிட்டார்கள். கிளப் விட்டுவிட்டதால் இங்கேயும் அவருக்கு இடமில்லை. டெனிஸ் கீழே வரவில்லை. வாசலில் ரே, ஒரு பெரிய பச்சைப் பை. மேல்மாடி ஜன்னல்களில் திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. ஒன்று அசைந்தது.

முன்னால் ஏறினார். பாதி வழி தாண்டியது. பிறகு, சாதாரணமாக:

"போன தரமும் நீதான் வந்தாய்."

"இல்லை. உங்களை இப்பதான் முதல் தரம் கொண்டுபோகிறேன்."

"அதற்கு முந்தின ஊரிலும் நீதான். அங்கே பனி கொட்டியது. இப்படித்தான் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தாய்."

குனிந்து பார்த்தேன். தொப்பி முழங்காலில்தான் இருந்தது.

"உனக்கு வயதே போகவில்லை" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. பாராட்டுகிற மாதிரி.

நான் வாழ்க்கையில் அமெரிக்கா போனதில்லை. அதைச் சொன்னேன். தலையாட்டினார், பொய் சொல்கிறவனை மன்னிக்கிற மாதிரி. புறப்பாட்டு வாசலில் இறக்கிவிட்டேன். பின்கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே போகவில்லை, அப்படியே நின்றார். பிறகு பனி மறைத்துவிட்டது.

வீட்டில் முகம் கழுவும்போது கண்ணாடியில் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன். தலைமயிர் நரைத்துத்தானே இருக்கிறது.

ஏப்ரல் 28, புதன்

எக்ஸ்ரேக்கு ஒருவனை ஏற்ற ஹோட்டலுக்குப் போனேன். வாசலில் ரே. பச்சைப் பை. அதே இடம்.

முதலில் நேற்றைய நினைவு கண்ணில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் கையைத் தூக்கி, "இன்று மைதானம் ஈரமாக இருக்கும்" என்றார்.

எக்ஸ்ரேக்கு வந்தவன் அவரைத் தாண்டி நடந்து வண்டியில் ஏறினான். போன கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஒரு தூணைச் சுற்றிப் போகிற மாதிரிப் போனான். "அது ரே அல்லவா?" என்றேன். "யார்?" என்றான், நேரே பார்த்துக்கொண்டு.

டெனிஸுக்கு போன். "அவருக்கு டிக்கெட் கொடுத்தாயிற்று. டாக்டர் பார்த்து நலம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அவர் எங்கள் ஆள் இல்லை." நான்: "வாசலில் நிற்கிறார்." டெனிஸ்: "நான் யாரையும் காணவில்லை." அவன் அறை ஜன்னல் வாசலுக்கு நேர் மேலே.

ஏப்ரல் 29, வியாழன்

இன்றும். அதே கை, அதே வசனம்: "இன்று மைதானம் ஈரமாக இருக்கும்." 'மைதானம்' என்றதும் நேற்று நிறுத்தின இடத்திலேயே நிறுத்தி மூச்சு எடுத்தார். இன்று நல்ல வெயில், நிலம் காய்ந்து கிடந்தது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன லாட்ஜில் அறை எடுத்திருக்கிறார். எப்படித் திரும்பிவந்தார் என்று கேட்டேன். எங்கேயிருந்து என்று கேட்டார். உங்களை நீக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். கண் விரிந்து, வாய் திறந்து, மெல்ல இருந்துவிட்டார் படியில். இப்போதுதான் முதல் தரம் கேட்கிறவரின் முகம். கொஞ்ச நேரம் போக எழும்பி, பையைத் தோளில் போட்டு, "வண்டி வந்துவிட்டதா?" என்றார்.

அவரிடம் அதை இனிச் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 30, வெள்ளி

சாந்தியிடம் எல்லாம் சொன்னேன். அவள் வேலை செய்வது முதியோர் இல்லத்தில், மறதிக்காரரின் பகுதியில்.

"வயசென்ன?"

"முப்பத்தஞ்சு."

தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தலையிலை அடிபடுற விளையாட்டோ?"

"ஓம்."

"அவரோடை வாதாடாதேங்கோ. 'இல்லை' எண்டு சொன்னால் பயம் கூடும். ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு கேளுங்கோ. பழசு ஞாபகத்திலை இருக்கும்."

"நீரும் வாரும்."

வந்தாள். படியில் அவர் பக்கத்தில் இருந்து, அவளுடைய அரைகுறை ஆங்கிலத்தில், சின்னதிலே யார் உங்களுக்குச் சாப்பாடு தந்தது என்று கேட்டாள். அக்கா என்றார். அக்காவின் டெலிபோன் நம்பரை ஒரு இடமும் தடக்காமல், பாட்டு மாதிரிச் சொன்னார். சாந்தி என் கையில் எழுதினாள்.

தமிழ்க்கடையில் டெலிபோன் கார்டு வாங்கிப் பேசினேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அழவும் இல்லை. "நேற்றுப் பேசினான். இந்த ஞாயிறு விளையாடுகிறேன் என்றான்." கடைசியில்: "நான் வருகிறேன். அவனை எங்கேயும் விட்டுவிடாதீர்கள்."

மே 1, சனி

விடுமுறை. கடை எல்லாம் பூட்டு. திரும்பவும் மூடுபனி.

லாட்ஜில் ரே இல்லை. ஹோட்டல் வாசலிலும் இல்லை. முதல் தரமாக வாசல் வெறுமையாக இருந்தது, அதுதான் எனக்குப் பயம் தந்தது. பயிற்சி மைதானத்துக்கு ஓடினேன். கேற் பூட்டு. வேலிக்கு அந்தப் பக்கம், பனிக்குள், மைதானத்தின் நடுவில் ஒரு உருவம் குனிந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, ஆடாமல் அசையாமல். வாயிலிருந்து ஆவி மட்டும். சுற்றிவர யாரும் இல்லை. வெறும் வெளியைப் பார்த்து ஏதோ இலக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தி, ஏதோ கேட்டு, தலையாட்டி, திரும்பச் சொன்னார்.

வேலி ஏறிக் குதித்தேன், காற்சட்டை கிழிந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. அந்த உடம்பு ஒரு தரம் எழும்பினால் நான் மிச்சமில்லை. சாந்தி சொன்னது நினைவு வர, அவருக்கு முன்னால் போய், எனக்குத் தெரிந்த மாதிரிக் குனிந்து, நானும் கையை நிலத்தில் ஊன்றினேன். புல் நனைந்திருந்தது. முகத்துக்கு நேரே முகம். அவர் கண் என்னைத் தாண்டி எங்கேயோ. பிறகு மெல்ல என் மேல் வந்து நின்றது.

"உனக்கு நிற்கத் தெரியவில்லை" என்றார். "பாதத்தை அகட்டு."

அகட்டினேன்.

"ம். இப்ப சரி." எழும்பி, என்னையும் கைபிடித்துத் தூக்கிவிட்டார். "எனக்கு என்னவோ ஆகிவிட்டது, இல்லையா?"

ஓம் என்றேன், தமிழில்.

எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சோபாவில் கால் வெளியே நீட்டியபடி தூங்குகிறார். மகள் தன் போர்வையையும் கொண்டுவந்து காலுக்குப் போட்டாள்.

மே 4, செவ்வாய்

அக்கா நேற்று வந்தார். ஐம்பது வயது, சின்ன உருவம். அவரைக் கண்டதும் ரே குனிந்து தலையைக் கொடுத்தார், அக்கா ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

நான்தான் இருவரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கம்பெனி வண்டி வேண்டாம் என்று சகலனின் காரில். ரே பின்னால் அக்காவோடு. வழி முழுக்கத் தெளிவான பேச்சு: மகள் எந்த வகுப்பு, சாந்தியின் இடியப்பம், ஜெர்மன் ரொட்டியின் கடினம். வாசலில் என் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, சரியாகச் சொன்னார். இந்த அணியில் ஒருவரும் கேட்காதது. கையசைத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கதவு மூடும்வரை நின்று பார்த்தேன்.

நல்ல நித்திரை.

மே 9, ஞாயிறு

பின்னேரம் மழை. அணிக்கு இன்று விளையாட்டு. பெரிய பஸ் போய்விட்டது. நான் வீட்டில், கிழிந்த காற்சட்டை தைத்தது, வெங்காயம் வெட்டியது.

டெலிபோன். அமெரிக்காவிலிருந்து அக்கா. அங்கே காலை. சுகமாகப் போய்ச்சேர்ந்ததாகவும், டாக்டருக்கு நாள் எடுத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். விடியும் முன்பே எழும்பிக் குளித்து, உடுத்து, பையோடு முன்வாசல் படியில் இருக்கிறானாம். வந்த நாளிலிருந்து தினமும். வெள்ளை வண்டி வரும் என்கிறானாம். உள்ளே வரமாட்டானாம்.

"நான் என்ன சொல்லட்டும்?"

சாந்தி அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்றைக்கு ஞாயிறு, வண்டி வராது என்று சொல்லுங்கள்" என்றேன்.

"நாளைக்கு?"